ஜெயசீலி டீச்சர் இடித்த சுவர்

புதுவாயல் கூட்டு ரோட்டில் டீக்கடை முன்னால் நின்றுகொண்டிருந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது. அன்று எங்களுக்கு வாய்தா. பொன்னேரி நீதிமன்றத்துக்கு நானும் ஜெயசீலி டீச்சரும் சேர்ந்துதான் போவது வழக்கம். அவர் காலனியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவார். நான் அவருக்கும் சேர்த்து டீ சொல்லி வைத்திருப்பேன். அன்றும் சொல்லியிருந்தேன். டீ ஆறிக்கொண்டிருந்தபோது டேவிட் போன் செய்தான். டேவிட், டீச்சரின் தம்பி. பக்கத்து வீட்டிலேயே இருந்துகொண்டு சில வருடங்களாக அக்காவோடு ஒரு வார்த்தை பேசாதவன். என்னோடும்தான்.

"சார், அக்கா போய்ட்சி. வாசல்ல தண்ணி தெளிச்சிக்கினே இருந்துச்சி. அப்டியே உக்காந்துச்சி. அவ்ளோதான் சார்."

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. வாய்தா அன்றைக்கா போவார்கள்? என்னை இப்படிக் கூட்டு ரோட்டில் தனியாக நிறுத்திவிட்டா? பிறகுதான் அந்த இரண்டாவது டம்ளரைப் பார்த்தேன். கடைக்காரர் ஆடை படிந்த டீயைக் கொட்டிவிட்டு வேறு போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன். வக்கீலுக்குப் போன் செய்து சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பினேன்.

அவரை அறிந்த நீங்கள்தான் இதைப் படிக்கப்போகிறீர்கள். இரங்கல் கூட்டத்தில் ஒருவர் "அன்பே உருவானவர்" என்று பேசினார். எனக்குச் சிரிப்பு வந்துவிடுமோ என்று பயந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டேன். ஜெயசீலி டீச்சரா? டஸ்டரை எறிந்தால் கடைசி பெஞ்சில் குறி தவறாமல் விழும். ஊராட்சி அலுவலகத்தில் ஒருவரை அறைந்துவிட்டு, அதே கையால் கைக்குட்டையை எடுத்து முகம் துடைத்துக்கொண்டு வந்தவர். அன்பு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அது அடிக்குப் பிறகுதான் வரும்.

எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளியில் அவர் பூகோளம், நான் கணக்கு. நான் ஊர்க்காரன். பெரிய ஏரிக்குக் கீழே எங்களுக்கு நெல் வயல் உண்டு. அவர் காலனிக்காரர். அவருடைய பெற்றோர் எங்கள் வயல்களில் நாற்று நட்டவர்கள். அவர் தம்பி டேவிட்டும், டேவிட்டின் வயதுக்காரர்களும், ஏரிக்கு அந்தப் பக்கம் வந்த ரோலிங் மில்லில் இரும்பு உருட்டினார்கள். ஊருக்கும் காலனிக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கணக்கு வாத்தியாரான என்னால்கூட அளக்க முடியாது. ஸ்டாஃப் ரூமில் நாங்கள் இருவரும் ஒரே மேஜையில் சாப்பிட்டதற்கே என் அண்ணன் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். டீச்சருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. என் டிபன் பாக்ஸை எட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க ஆஸ்பத்திரி இட்லி சார். காரமும் கெடையாது, புளிப்பும் கெடையாது. யாரு வேணா புட்டுத் திங்கலாம்" என்பார். அந்தப் பெயர் பள்ளி முழுக்கப் பரவி, பிள்ளைகள் என்னை முதுகுக்குப் பின்னால் இட்லி சார் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

முதலில் ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்த்துவிட்டுச் சொந்த ஊருக்கே மாற்றலாகி வந்தவர் அவர். அது கொசஸ்தலை ஆற்றுப் பக்கம், மேட்டு நிலம், கிணற்றுப் பாசனம். இங்கே ஆரணி ஆறு கடலுக்குப் பக்கத்தில் வந்து பரந்து கிடக்கிறது. வந்த புதிதில் என்னிடம் சொன்னார்: "ஒரே ஜில்லா சார். மேற்க தண்ணி இல்லன்னு வெட்டிக்கறாங்க. கெழக்க தண்ணி வந்துடுச்சின்னு வெட்டிக்கறாங்க. நடுவுல நான் பாடம் எடுத்துக்கினு கீறேன்." நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவர் பாடம் நடத்துவது எப்படி என்று கேட்டால், அவரிடம் படித்தவர்கள் எல்லாரும் செருப்புக் கதையைத்தான் சொல்வார்கள். மழைக்காலம் தொடங்கும்போது மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் ஆற்றை வரைவார். கொடிக்கம்பம்தான் பிச்சாட்டூர் அணை. அங்கிருந்து ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், புதுவாயல் என்று கோடு வளைந்து வளைந்து கழிப்பறைப் பக்கம் போய் முடியும். அது பழவேற்காடு ஏரி. கோட்டின் ஓரத்தில் குச்சியால் கீறி எங்கள் பெரிய ஏரி. ஏரி நிரம்பினால் தண்ணீர் வழியும் கலங்கல், கலங்கலிலிருந்து ஆற்றுக்குப் போகும் கால்வாய், எல்லாம் இருக்கும். அந்தக் கால்வாயின் குறுக்கே ஒரு செங்கல்லை வைப்பார். அது ரோலிங் மில்லின் காம்பவுண்டுச் சுவர். மில்காரர்கள் கால்வாயைத் தூர்த்து, அதன்மேல் சுவர் எழுப்பி, பேருக்கு ஒரு குழாயைப் புதைத்திருந்தார்கள். பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்கள் வீடு இருக்கும் இடத்தில் செருப்பைக் கழற்றி விடவேண்டும். எல்லாம் ஆனதும் கொடிக்கம்பத்தடியில் டிரம் தண்ணீரைக் கவிழ்ப்பார்.

காலனிப் பிள்ளைகளின் செருப்புகள்தான் முதலில் மிதக்கும். மிதந்து வந்து செங்கல்லில் முட்டிக் குவியும். ஒருமுறை ஊர்ப் பிள்ளைகள் கைதட்டிச் சிரித்துவிட்டார்கள். காலனிப் பையன் ஒருவன் ஈரச் செருப்பாலேயே சிரித்தவர்களில் ஒருவன் முகத்தில் அறைந்தான். அவ்வளவுதான், மைதானம் ரணகளமாகிவிட்டது. உதடு கிழிந்து, சட்டை கிழிந்து, சேற்றில் உருண்டார்கள். நான் ஓடிப்போய் விலக்கப் பார்த்தேன். டீச்சர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர்கள் அடித்துக் களைத்து உட்காரும்வரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் கேட்டார்: "இவ்ளோ நேரம் அடிச்சிக்கினீங்களே, அந்தச் செங்கல்ல எவனாவது எடுத்தீங்களாடா?"

தொழில்கள் என்று ஒரு பாடம் உண்டு. அதை நடத்தும் அன்று, வீட்டில் பெரியவர்கள் உடம்பில் எங்கெங்கே தழும்பு இருக்கிறது என்று பார்த்துவரச் சொல்வார். விரலில் அரிவாள் தழும்பு என்றால் அறுப்பு வேலை. முன்னங்கையில் பொட்டுப் பொட்டாகத் தீப்புண் என்றால் ரோலிங் மில். உள்ளங்கால் வெந்து தோல் உரிந்திருந்தால் செங்கல் சூளை. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகிறவர்களுக்கு முதுகு பிசகியிருக்கும், அதைத் தழும்பில் சேர்க்கலாமா என்று ஒரு பெண் கேட்டாள். டீச்சர் சேர்த்துக்கொண்டார். ஒருநாள் ஒரு தகப்பன், குடும்ப மானத்தை வாங்குகிறீர்களா என்று கத்திக்கொண்டு வகுப்புக்குள்ளேயே அடிக்க வந்துவிட்டான். டீச்சர் நகரவில்லை. "அடி நைனா. அதுக்கு முன்னாடி அந்த முழுக்கை சட்டைய மடக்கு. புள்ளைங்க பாக்கட்டும்" என்றார். அவன் ஓங்கிய கை அப்படியே நின்றது. மடக்கிவிட்டான். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை உருகி ஒட்டிய தோல். அவன் மகள் அதை அன்றைக்குத்தான் முழுதாகப் பார்த்தாள் போலிருக்கிறது, ஓவென்று அழ ஆரம்பித்தாள். பாடம் அதோடு முடிந்தது.

இனி சுவருக்கு வருகிறேன்.

அந்த வருடம் ஐப்பசியிலேயே மழை பிடித்துக்கொண்டது. ஆந்திரா பக்கம் அணையைத் திறந்துவிட்டார்கள். ஆறு கரை புரண்டது, பெரிய ஏரி தளும்பியது. கலங்கலில் வழிந்த தண்ணீர் கால்வாயில் போய் மில் சுவரில் முட்டி, வந்த வழியே திரும்பிக் காலனிக்குள் ஏறியது. விடிந்தபோது காலனி வீடுகளில் அடுப்பு மிதந்தது. கிழவர்களையும் கைக்குழந்தைகளையும் சர்ச் மாடியில் ஏற்றியிருந்தார்கள். ஏறிக்கொண்டிருந்த தண்ணீருக்கு அந்த மாடியும் எத்தனை நேரம் தாங்கும் என்று தெரியவில்லை.

காலனி ஆண்கள் கடப்பாரையோடு ஏரிக்கரைக்கு ஓடிவந்தார்கள். வயல் பக்கத்துக் கரையை வெட்டிவிட்டால் தண்ணீர் அந்தப் பக்கம் பாயும், காலனி பிழைக்கும். ஆனால் ஊரின் பயிர் மொத்தமும் போகும். ஊர் ஆண்கள் அரிவாளும் மண்வெட்டியுமாகக் கரையில் நின்றார்கள். ஏரி நிரம்பும் வருடமெல்லாம் இந்தக் கரைச் சண்டை எங்கள் பகுதியில் வழக்கம்தான். ஆனால் அதுவரை வாய்ச் சண்டையாக, கல்வீச்சாகப் போய்விடும். அன்று அப்படி இல்லை. ஊர்ப் பக்கத்தில் முன்னால் நின்றவர் என் அண்ணன். அவரை வீட்டுக்கு இழுத்துப் போகத்தான் நான் போயிருந்தேன். காலனிப் பக்கம் முன்னால் நின்றவன் டேவிட்.

"கரையத் தொட்ட, கைய வெட்டுவேன்" என்றார் அண்ணன்.

"ஊடு முழுவுது. கெய்வி, கொயந்த எல்லாம் மாடியில கீது. வெட்டிக்கோ" என்று டேவிட் கடப்பாரையை மண்ணில் இறக்கினான்.

அப்புறம் யார் யாரை அடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. மழையில் கண் திறக்க முடியவில்லை. ஒருவன் காதோரம் பிளந்து ரத்தம் கழுத்தில் வழிந்தது. ஒருவன் கரைச் சரிவில் உருண்டு தண்ணீரில் விழுந்தான். அவன்மேல் இன்னொருவன் குதித்தான். மனிதர்கள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. அந்தக் கூச்சலுக்குள் ஜெயசீலி டீச்சர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி வந்தார். டேவிட்டைக் குறிவைத்து இறங்கிய ஒரு மூங்கில் கழி டீச்சரின் தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவர் தள்ளாடினார், விழவில்லை. நல்ல கையால் முதலில் தன் தம்பியை ஓங்கி ஓர் அறை. திரும்பி என் அண்ணனுக்கு ஓர் அறை. எங்கள் குடும்பத்தில் என் அண்ணனை யாரும் தொட்டதில்லை, எங்கள் அப்பா உட்பட.

"கொன்னுக்கினு சாவுங்க, யாரு வேணாண்ணா? ஆனா தண்ணி எங்க நிக்கிதுன்னு பாத்துட்டு சாவுங்க!"

ஒரு நொடி எல்லாரும் நின்றார்கள். கரையில் நின்ற இளைஞர்களில் பாதிப்பேர் அவர் முன்னால் மைதானத்தில் செருப்பு விட்டவர்கள். ஊர்ப் பையன் ஒருவன், கையில் அரிவாளோடு, தூரத்தில் தெரிந்த மில்லைப் பார்த்துக் கத்தினான்: "டீச்சர், செங்கல்லு!"

இத்தனை காலம் அந்தச் சுவர் யார் கண்ணிலும் படாமலா இருந்தது? காலனிக்கு அந்த மில்தான் சோறு போட்டது. ஊரில் பலர், என் அண்ணன் உட்பட, அதற்கு நிலம் விற்றவர்கள். சுவரைப் பார்க்காமல் இருக்க எல்லாருக்கும் காரணம் இருந்தது. அதனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வெட்டிக்கொண்டிருந்தோம். டேவிட் அப்போதும் தயங்கினான். "அங்க கை வெச்சா நாளைக்கு இன்னாக்கா துன்றது?" என்றான். "இன்னிக்கு ஊடு கீதாடா?" என்றார் டீச்சர். அவ்வளவுதான் பேச்சு.

தலையை உடைக்கக் கொண்டுவந்த அதே கடப்பாரைகளோடு இடுப்பளவுத் தண்ணீரில் கூட்டம் மில்லை நோக்கிப் போனது. சுவருக்கு உட்புறத்தை ஒட்டி வடநாட்டுத் தொழிலாளர்களின் தகரக் கொட்டகைகள் இருந்தன. கடப்பாரைக் கூட்டம் தங்களை அடிக்கத்தான் வருகிறது என்று நினைத்து, அவர்கள் இரும்புக் கம்பிகளோடு கேட்டில் வந்து நின்றுவிட்டார்கள். அவர்களும் பயந்தவர்கள், இவர்களும் வெறி ஏறியவர்கள். டீச்சர் நடுவில் போய் நின்றுகொண்டு, முறிந்த தோளை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, "பானி! பானி ஆத்தா! பாஹர் ஆவ்!" என்று கத்தினார். தண்ணீர் வருகிறது, வெளியே வாருங்கள். அவருக்குத் தெரிந்த மொத்த இந்தியும் அதுதான். ஒருவன் கம்பியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடித் தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பினான். எல்லாரும் வெளியேறும்வரை அவர் யாரையும் சுவரைத் தொட விடவில்லை.

முதல் அடியை அடித்தது யார் என்று என்னைக் கேட்காதீர்கள், வழக்கு நடக்கிறது. சுவர் முதலில் அசையவே இல்லை. அடியில் ஒரு கல் பெயர்ந்ததும் மீதியைத் தண்ணீரே பார்த்துக்கொண்டது. பெருஞ்சத்தத்தோடு சுவர் வெடித்துச் சரிந்தது. பழைய இரும்புக் குவியலை வாரி அடித்துக்கொண்டு வெள்ளம் ஆற்றுப் பக்கம் பாய்ந்தது. எல்லாரும் கூவினார்கள். அந்தக் கூவலுக்குள் "அக்கா" என்று ஓர் அலறல். சுவரின் ஒரு பகுதி டேவிட்டின் காலின்மேல் விழுந்திருந்தது. அவனைச் சுற்றித் தண்ணீர் சிவந்துகொண்டு வந்தது. டீச்சர் ஒற்றைக் கையால் அவன் சட்டையைப் பிடித்து இழுத்ததும், என் அண்ணன் மூழ்கிக் கல்லைப் புரட்டியதும் நினைவிருக்கிறது. மாலைக்குள் காலனியில் தண்ணீர் வடிந்தது. ஊரின் பயிரும் தப்பியது. டேவிட்டின் காலை ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகு நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். காலனி ஆண்களை மில் வேலையிலிருந்து நிறுத்தியது. உயிர் தப்பிய அதே காலனிப் பெண்கள் டீச்சர் வீட்டின்மேல் கல் எறிந்தார்கள். அவர் அந்தக் கற்களைப் பொறுக்கி முருங்கை மரத்தைச் சுற்றிப் பாத்தி கட்டினார். "நல்ல கல்லா பாத்து எறியறாளுங்க சார்" என்றார். டேவிட் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, "ஊருக்குச் சுவரு போச்சி, எனக்குக் காலு போச்சி. சந்தோசமா இரு டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். அக்கா என்று கூப்பிடாமல் டீச்சர் என்று கூப்பிட்டதை அவர் என்னிடம் பலமுறை சொன்னார். கல்லடிக்கு அழாதவர் அதற்கு அழுதார்.

மில் எங்கள்மேல் வழக்குப் போட்டது. அவர் முதல் எதிரி, நான் இரண்டாம் எதிரி. சுவரைத் திரும்பக் கட்டக்கூடாது என்று நாங்கள் இருவரும் பதிலுக்கு ஒரு வழக்குப் போட்டுத் தடை வாங்கினோம். எங்கள் வழக்கை விலக்கிக்கொண்டால் தங்கள் வழக்கையும் விலக்கிக்கொள்வதாக மில்காரர்கள் ஆள்மேல் ஆள் அனுப்பினார்கள். ஒருநாள் புதுவாயலில் பைக்கில் வந்த ஒருவன், "ரோட்ல லாரி நெறைய போவுது டீச்சர், பாத்து நடங்க" என்றான். டீச்சர் அவன் வண்டிச் சாவியை உருவிப் பக்கத்துச் சாக்கடையில் எறிந்தார். "எறங்கி எடுத்துக்கினு போ. அங்கயும் தண்ணி நிக்கிது பாரு" என்றார். நான் அவரை அவசரமாகப் பஸ் பக்கம் இழுத்துப் போனேன். பஸ்ஸில் ஏறியதும் என்னைப் பார்த்து, "கோவம் வர்லியா சார் உங்களுக்கு? எப்டி சார் தூங்குறீங்க?" என்று கேட்டார். நன்றாகத்தான் தூங்குகிறேன் என்றேன். தலையில் அடித்துக்கொண்டார்.

டீச்சர் இறந்த மறுநாள் மாலை அடக்கம். விட்டுவிட்டுத் தூறல். ஐஸ் பெட்டியின்மேல், மற்ற மாலைகளையெல்லாம் மறைத்துக்கொண்டு, ஆள் உயரத்துக்கு ஒரு ரோஜா மாலை கிடந்தது. அதன் ரிப்பனில் மில்லின் பெயர் இருந்தது. அதைக் கொண்டுவந்த மேனேஜர் என்னை ஓரமாக அழைத்துப் போனார். மரியாதையான மனிதர், குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"சார், டீச்சர் போய்ட்டாங்க. இனிமே யாருக்காக இதெல்லாம்? நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா ரெண்டு கேஸும் முடிஞ்சிடும். நாங்களும் சுவத்தக் கட்டிக்குவோம்."

அதற்குள் சவ ஊர்வலம் கிளம்பிவிட்டது.

கல்லறைத் தோட்டத்துக்குப் போக அந்தக் கால்வாயின் சிறு பாலத்தைக் கடக்கவேண்டும். ஏரி வழிந்துகொண்டிருந்தது. கால்வாயில் செம்மண் நிறத்தில் தண்ணீர் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. பாலத்தின்மேல் சவப்பெட்டி அந்த மாலையோடு வந்தபோது என் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது. அது என்ன என்று அந்த நேரம் எனக்கே தெரியவில்லை. நான் பெட்டியை மறித்து நின்று, அந்த ரோஜா மாலையை இரண்டு கையாலும் இழுத்தேன். அது சிக்கிக்கொண்டது. பிய்த்தேன். நார் விரலை அறுத்தது. ஃபாதர் "சார், சார்" என்றார். மேனேஜர் ஓடி வந்து என் கையைப் பிடித்தார். நான் அவரைப் பிடித்துத் தள்ளினேன். பாலத்துக் கட்டையில் முதுகு மோதி அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாலையைத் தூக்கித் தண்ணீரில் எறிந்தேன். "தண்ணிக்கு வழி உடுங்கடா!" என்று என் வாயிலிருந்து வந்தது. முப்பது வருடம் கணக்கு நடத்திய வாய் அது.

மாலை ஒருமுறை சுழன்று, நீளமாக விரிந்து, மில்லை நோக்கிப் போனது. சுவர் இருந்த இடத்தில் இப்போது இரண்டு பக்கமும் உடைந்த செங்கல் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த இடைவெளியை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மாலை அதற்குள் நுழைந்து, அந்தப் பக்கம் வெளியே வந்து, ஆற்றுப் பக்கம் திரும்பி மறைந்தது.

என் தோளுக்குப் பக்கத்தில் ஊன்றுகோலின் சத்தம் கேட்டது. டேவிட்.

"எங்கியும் தட்டல சார்" என்றான். "எங்கக்கா இருந்து பாத்திருக்கணும்." ஊன்றுகோலை மாற்றிப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "அடுத்த வாய்தா எப்போ?"

சொன்னேன். கூட்டு ரோட்டில் டீ சொல்லி வைப்பதாகவும் சொன்னேன்.

ஜெயசீலி டீச்சரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய கோபத்தைத்தான். அதை யாரும் எனக்குத் தரவில்லை, பாலத்தின்மேல் நானாகத்தான் எடுத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் மழைச் சத்தம் கேட்டால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.